ஸ்டேடியத்து மழைக்குழி

அன்று குழிக்கரையில் இருந்தவர்கள் ஏழு பேர். நான், என்னை நம்பி வேலைக்கு வரும் எங்கள் தெருப் பெண்கள் நால்வர், கம்பெனி சூப்பர்வைசர், சைட் இன்ஜினியரான ஒரு சின்னப் பெண். டேங்கர்காரர் தண்ணீரைக் குழிக்குள் விட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருந்தார், அவரைச் சேர்க்கவில்லை.

கரிக்கலாம்பாக்கத்துக்கு அப்பால், முன்பு நாங்கள் நடவு நட்ட நிலத்தில் கிரிக்கெட் ஸ்டேடியம் எழும்பிக்கொண்டிருந்தது. கேலரிக்கு ஏசி கிடையாது, காற்று வர வழி விட்டே கட்டினார்கள். மைதானத்துப் புல்லுக்காக போர்வெல்லில் எடுக்கிற தண்ணீரை மழையாகப் பூமிக்கே திருப்பிக் கொடுத்துவிட வேண்டுமாம். கூரையில் விழும் மழை குழாய் வழியாகக் குழிகளுக்கு வந்து, ஜல்லியிலும் மணலிலும் இறங்கி மண்ணுக்குள் போக வேண்டும். அந்தக் குழி வேலையைத்தான் நான் எடுத்திருந்தேன். ஆறாவதோடு படிப்பை விட்டவள் நான். இன்ஜினியர் மேடம் படத்தைக் காட்டிச் சொல்லும்போது தலையாட்டுவேன். வீட்டுக்கு வந்ததும், சரியாகத்தான் விளங்கிக்கொண்டேனா என்று தரையில் விரலால் அந்தப் படத்தைப் போட்டுப் பார்ப்பேன்.

இறங்குகிறதா என்று பார்க்கக் காலையில் விட்ட தண்ணீர் மதியமாகியும் அப்படியே நின்றது.

"இன்னாக்கா, கொளமாட்டம் நிக்குது?" என்று ஒருத்தி சிரித்தாள்.

"சும்மா இருடி. ஊறும்."

"ஊறுமா? தவளை குடிவந்துடும் போல இருக்கு" என்றார் சூப்பர்வைசர்.

மேடம் குனிந்து பார்த்தாள். "அக்கா, அடியில சிமெண்ட் ஏதாவது போட்டீங்களா?"

"ஐயோ, ஒரு கை கூடப் போடல மேடம்."

"அப்ப ஜல்லி கொட்டறதுக்கு முன்னாடி என்னதான் பண்ணீங்க?"

நால்வரில் மூத்தவள் பெருமையோடு சொன்னாள்: "மொத நாளு மழ பேஞ்சி அடியெல்லாம் சேறாயிடுச்சு மேடம். எறங்கி நல்லா மெதிச்சு, பலக போட்டு இழுத்துவுட்டோம். நாத்தங்கால் கெட்டுது போங்க!"

மேடம் தலையில் கைவைத்துக்கொண்டாள். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. நாற்று விடுமுன் சேற்றை மிதிப்பதே தண்ணீர் கீழே இறங்காமல் நிற்பதற்குத்தானே. சேற்றில் இறங்கியதும் எங்கள் கால்கள் தெரிந்த வேலையைச் செய்துவிட்டன. நானும் மேலே நின்று, கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று மெச்சினேன். ஒரு குழி இல்லை, ஆறு குழியும் அப்படித்தான்.

"கிரிக்கெட் ஆடற எடத்துல நாத்து வுட்டுட்டீங்க" என்றார் சூப்பர்வைசர். "எல்லாத்தையும் வெளிய வாரிப் போட்டு, அடியக் கொத்திவுட்டு, திரும்ப ரொப்புங்க. இதுக்குத் தனியா கூலி கெடையாது. பழைய பில்லும் தண்ணி எறங்கினாத்தான்."

அவர் போனதும், "எங்களுக்குக் கூலி உண்டாக்கா?" என்று கேட்டாள் இளையவள்.

"உண்டுடி" என்றேன். எங்கிருந்து என்று எனக்கே தெரியாது. இல்லை என்றால் அவர்கள் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள், குழி அப்படியே கிடக்கும், செய்த வேலைக்கான பணமும் வராது. இதெல்லாம் அந்த ஒரு நொடியில் மனதில் ஓடியது.

நான்கு நாள் கடப்பாரை போட்டுக் கொத்தினோம். கொஞ்சம் மேகம் கறுத்தால் போதும், மறுபடி சேறாகிவிடுமோ என்று அண்ணாந்து பார்ப்பேன். "வானத்தைப் பாத்துப் பாத்து உனுக்குக் கழுத்து சுளுக்கிக்கப் போவுதுக்கா" என்று கேலி செய்தார்கள்.

ஜல்லியைத் திரும்ப நிரப்பி மறுபடி விட்டபோது தண்ணீர் இறங்கியது. பழைய பில் வந்தது, அதை அன்றே பிரித்துக் கொடுத்தேன். கொத்திய கூலிக்கு சூப்பர்வைசரிடம் கேட்டால், "ஆபீஸ்ல பேசறேம்மா" என்பார். இப்போது போனையே எடுப்பதில்லை.

இப்போது அங்கே ஆட்டம் நடக்கிறது. மழை பெய்தால், குழி இழுக்கிறதா, தண்ணீர் நிற்கிறதா என்று இங்கே எனக்கு இருப்புக்கொள்ளாது. நால்வரும் கூலி பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். குழாயடியில் பார்த்தால், "வேல இருந்தா சொல்லுக்கா" என்று மட்டும் சொல்கிறார்கள். சண்டை போட்டாலாவது தேவலை. நாலு பேருக்கு நாலு நாள் கூலி எட்டாயிரம். என் கையிலிருந்து மூவாயிரம் கொடுத்துவிட்டேன். இன்னும் ஐயாயிரம் ரூபாய் பாக்கி.