ஒரு புள்ளி குறைவு

என் மேசை லாச்சிக்குள் ஓர் அட்டை கிடக்கிறது. நீல மட்டையில் வெள்ளையாய் ஒன்பது என்ற இலக்கம், பிடிப்பதற்கு ஒரு மரக்காம்பு. யாழ்ப்பாணத்தில் ஒரு மண்டபத்தில் படம்பிடித்த தொலைக்காட்சிப் போட்டிக்கு நடுவராய்ப் போன முதல் வருடத்தில் நான் தூக்கிக் காட்டிய அட்டைகளில் ஒன்று. கேட்காமல் எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். வர்த்தகம் படிப்பித்து ஓய்வு பெற்ற மனிதன் செய்கிற காரியமா என்றால், இல்லைத்தான்.

புதிதாய்ச் சாப்பாட்டுத் தொழில் தொடங்க நினைப்பவர்கள் தங்கள் திட்டத்தோடு வருவார்கள். நாங்கள் கேள்வி கேட்டுப் பத்துக்குப் புள்ளி போட வேண்டும். எனக்குப் பக்கத்துக் கதிரையில் மனேச்சரம்மா. வங்கி மனேச்சராய் இருந்து ஓய்வு பெற்றவர். என்னைப் போலவே துணையை இழந்தவர். யார் எதைக் கொண்டுவந்தாலும் அவர் முதலில் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்ப்பார். நான் சாப்பிடுவதற்கு முதலே, இதில் குறை என்ன என்று கேட்பேன். மயிலிட்டியில் இருந்து கருவாட்டுச் சம்பல் கொண்டுவந்த பெண்ணிடம், போத்தல் மூடியில் தொடங்கி ஐந்து குறை சொன்னேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. மனேச்சரம்மா எழுந்து போய் அவள் தோளில் கை வைத்தார்.

"மாஸ்ரர் குறை சொன்னால் சந்தோசப்படு பிள்ளை. அக்கறை இல்லாத ஆக்களுக்கு உவர் ஒண்டும் சொல்லமாட்டார்."

என்னை அப்படி ஒருவர் அறிந்து வைத்திருந்தது எனக்குப் புதிது. அதன் பிறகு படப்பிடிப்பு நாட்களில் கோப்பாயிலிருந்து அரை மணி முந்தியே புறப்படத் தொடங்கினேன். அவர் பிளாஸ்கில் பால் விடாத பிளேன்ரீ கொண்டுவருவார். பனங்கட்டியைக் கடித்தபடி குடிப்போம். எங்களுக்குள் பெரிய கதை ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்த அரை மணிக்காகவே கிழமை முழுவதும் காத்திருந்தேன் என்பதை இப்போது ஒளிப்பதில் பயனில்லை.

அந்த வருடத்தின் கடைசிப் படப்பிடிப்பு நாள், பின்னேரம் எல்லாரும் போன பிறகு, அவர் போட்டியாளர்கள் நிற்கும் இடத்தில் போய் நின்றார். தன்னிடமும் ஒரு திட்டம் இருக்கிறது, பார்த்துச் சொல்லுங்கள் என்றார். மகன் கனடாவுக்கு ஸ்பொன்சர் செய்திருக்கிறான், வீட்டைத் தங்கச்சிக்குக் கொடுத்துவிட்டுப் பேரப்பிள்ளைகளோடு இருக்கலாம் என்று ஒவ்வொன்றாய்ச் சொன்னார். நான் சிரித்துக்கொண்டே ஒன்பதைத் தூக்கினேன்.

"குறை என்ன, மாஸ்ரர்?"

"குறை ஒண்டும் இல்லை."

"ஒண்டுமே இல்லையோ?"

நான் தலையாட்டினேன். பெருந்தன்மை என்று அப்போது நினைத்தேன். அவர் சற்று நேரம் அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பிளாஸ்கை மூடிப் பைக்குள் வைத்தார். இரண்டு மாதத்தில் பயணமாகிவிட்டார்.

இந்த வருடப் போட்டியில் அந்தக் கதிரையில் ஓர் இளைஞர் இருக்கிறார். கெட்டிக்காரர். சாப்பிடுவதற்கு முதல் படம் எடுப்பார். நான் சரியான நேரத்துக்குத்தான் போகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை மனேச்சரம்மா தொலைபேசியில் வந்தார். வெளியே பனி கொட்டுகிறதாம். இப்பவும் எல்லாருக்கும் குறை சொல்கிறேனா என்று கேட்டார். ஓம் என்றேன். நல்லது என்றார்.

தொலைபேசியை வைத்த பிறகு லாச்சியைத் திறந்து அட்டையை எடுத்துப் பார்த்தேன். குறை இல்லையென்றால் மற்ற ஒரு புள்ளி எங்கே என்று அவர் அன்றைக்குக் கேட்டிருக்கலாம். அதற்கு மறுமொழி எனக்கு அப்போதே தெரியும். போகாதேங்கோ என்று சொல்லத்தான் வாய் வரவில்லை.