நாற்பதாம் எண்

ஷெஹாத்தா வயரைப் பல்லால்தான் உரிப்பார். இடுப்பில் தொங்கும் இடுக்கி வெட்டுவதற்கு மட்டும். இதுவரை அவர் கடித்த வயரை நீட்டிப் பிடித்தால் அலெக்சாந்திரியாவிலிருந்து கெய்ரோ போய்த் திரும்பலாம். மிச்சத்தில் துணி காயப்போடலாம்.

எங்கள் சந்தின் பதினேழு கட்டடங்களுக்கும் மொட்டைமாடி வழியாக இணையம் இழுத்துக் கொடுப்பவர் அவர். எல்லாருக்கும் அவர் 'உஸ்தா', அதாவது மேஸ்திரி. ஒவ்வொரு வீட்டுக் கணினியிலும் ஓர் எண்ணைத் தன் கையால் போட்டுக்கொடுப்பார். 192.168.1 என்ற முன்பாதி எல்லாருக்கும் பொது. கடைசி எண் வீட்டுக்கு வீடு வேறு. ஆட்களின் பெயர் அவருக்கு மனதில் நிற்காது. "என்ன நூத்திப்பன்னெண்டு, முட்டிவலி தேவலையா?" என்றுதான் என்னை விசாரிப்பார்.

ஒரே எண்ணை இரண்டு வீடுகள் போட்டுக்கொண்டால் இரண்டுக்கும் இணைப்பு தடுமாறும். அப்போது பார்க்க வேண்டும் அவரை. "ஒரே பொண்ணுக்கு ரெண்டு மாப்பிள்ளையாய்யா?" என்று கத்திக்கொண்டே மாடியேறி, பின்னால் வந்தவனின் வயரை நறுக்கிவிடுவார்.

இருநூற்று ஐம்பத்து நான்கு வரை எல்லா எண்ணும் தீர்ந்துபோனது, நாற்பதைத் தவிர. அது அவர் மகன் ராமியுடையது. நாலு வருஷத்துக்கு முன்பு மடிக்கணினியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு இத்தாலிக்குப் படகேறியவன். படகு கரை சேர்ந்ததாகவும் தகவல் இல்லை, கவிழ்ந்ததாகவும் இல்லை.

எதிர்வீட்டு உம் சப்ரி ஒரு நாள் கேட்டே விட்டாள். "உஸ்தா, என் மருமக வீட்டுக்கு ஒரு நம்பர் குடுங்க. அந்த நாப்பது சும்மாதானே கிடக்கு?"

"சும்மா கிடக்கலை. ஆள் வெளியூர் போயிருக்கு."

அதைக் கொடுக்காமல் மாஸ்க்கை மாற்றினார். 'நம் வட்டம் இதுவரை' என்று கணினிக்குச் சொல்லும் எல்லைக்கோடு அது. 255.255.255.0 என்றிருந்ததை 255.255.254.0 ஆக்கினால் இன்னொரு மடங்கு எண்கள் கிடைக்கும். ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் மாற்ற வேண்டும். விட்டால் பழைய வீட்டுக்குப் புது வீடு கண்ணில் படாது, வீட்டுக்கு வீடு கணினியில் பந்து விளையாடும் வாலிபர்கள் சண்டைக்கு வருவார்கள். ஒரு மாதம் படியேறினார். நாலாயிரம் படி என்றால் குறைத்துச் சொல்கிறேன். அந்த ஒற்றை எண்ணைக் காப்பாற்ற.

தினமும் பிற்பகல் தொழுகை முடிந்ததும், வீட்டுக்குக் கீழே இருக்கும் தன் கடையில் உட்கார்ந்து, தேநீர் ஆறுவதற்குள் நாற்பதை அழைத்துப் பார்ப்பார். கணினி நாலு தடவை கூப்பிடும். நாலு தடவையும் பதில் இல்லை என்று எழுதும். இந்த எண் எங்கள் சந்தைத் தாண்டிச் செல்லாது என்பது அவருக்குத் தெரியாததா? ராமி இத்தாலியில் ராஜாவாகவே இருந்தாலும் இங்கே பதில் வராது. அவன் வீடு திரும்பி, பையைப் பிரித்து, வயரைச் செருகினால்தான் வரும்.

போன வியாழக்கிழமை வந்தது. நாலுக்கு நாலு.

தேநீர்த் தம்ளர் உருண்டு உடைந்தது. அறுபத்தொரு வயதுக்காரர் மூன்று மாடியை மூச்சுவிடாமல் ஏறி மகனின் அறைக் கதவைத் தள்ளினார். கட்டில் மேல் மடித்த போர்வை மடித்தபடியே இருந்தது.

பால்கனிக்கு வந்தவரை, மேல்மாடிக்குப் புதிதாகக் குடிவந்தவன் தன் பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தான். "உஸ்தா, ரெண்டு நாளா உங்களைத் தேடுறேன். பழைய வயர் தொங்குச்சா, நானே செருகிக்கிட்டேன். ஒண்ணுலேருந்து ஒவ்வொரு நம்பரா போட்டுப் பார்த்தேன். நாப்பதுக்குத்தான் யாரும் சண்டைக்கு வரலை."

"விடாதீங்க உஸ்தா, நறுக்குங்க!" என்றாள் கீழேயிருந்து உம் சப்ரி.

ஷெஹாத்தா மொட்டைமாடிக்குப் போனார். அவனுடைய வயரைத் தேடி எடுத்து, இடுக்கியின் வாயில் வைத்தார். துணி காயப்போட வந்த நான் கூடையை இறக்கிவைக்கக் கூடத் தோன்றாமல் நின்றேன். வெகுநேரம் அப்படியே பிடித்திருந்தார். பிறகு இடுக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கிப் போனார்.

நான் கீழே வந்தபோது கடையில் உட்கார்ந்து நாற்பதை அழைத்துக்கொண்டிருந்தார். நாலு பதில் வந்தது. உடைந்த கண்ணாடியைக் காலால் ஒதுக்கிவிட்டு, மறுபடியும் அழைத்தார்.