மூன்று மணிக்கு வீட்டுக்குப் போன பெண்கள்

ஹைதராபாத்தை ஒட்டிய பட்டான்செருவில் ஒரு மாத்திரை கம்பெனியில் பேக்கிங் பிரிவைப் பத்தொன்பது வருஷமாக மேய்க்கிறவள் கனகவல்லி. திருநெல்வேலிக்காரி. நான் அங்கே ஸ்டோர்ஸில் இருக்கிறேன். அவள் வாய்க்குப் பயப்படாதவர்கள் எங்களில் இல்லை. ஆனால் லைனில் ஒருத்தியின் குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்றால் மூன்று மணிக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவாள். மற்ற பெண்கள் போனவளின் வேலையைப் பங்கு போட்டு முடிப்பார்கள். ரிஜிஸ்டரில் முழு நாள். மேலே யாருக்கும் தெரியாது.

அக்ஷதாவுக்குத் தெரியும். சமூகவியலில் ஆராய்ச்சி செய்கிற பெண். ஹைதராபாத்திலேயே பிறந்து வளர்ந்தும் தமிழ் பேசினாள், அதில்தான் கனகவல்லி விழுந்துவிட்டாள். எட்டு மாதம் ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்காரவைத்து, வீட்டில் சோறு போட்டாள். நம்ம பிள்ளைதான், பயப்படாமல் பேசுங்கள் என்று லைன் பெண்களிடம் தெலுங்கில் அவளே உத்தரவாதம் கொடுத்தாள்.

அக்ஷதாவின் கட்டுரை இணையத்தில் வந்தது. கனகவல்லியின் பெயரைக் கஸ்தூரி என்று மாற்றியிருந்தாள், பெரிய ஜாக்கிரதைதான். பேக்கிங் பிரிவின் ஒரே தமிழ் சூப்பர்வைசர் என்பதை மாற்றத் தோன்றவில்லை. மூன்று மணி விஷயம் முழுக்க இருந்தது. கஸ்தூரியின் இரக்கம் அறமா, சுரண்டலுக்கு எண்ணெய் போடும் வேலையா என்று படித்தவர்கள் சண்டை போடுகிறார்களாம். இரண்டாவதுதான் என்பது அக்ஷதாவின் தீர்ப்பு. இப்படி ஒருத்தி இருப்பதால்தான் பெண்கள் விடுப்பு கேட்டுப் போராடுவதில்லையாம். அதில் உண்மைகூட இருக்கலாம். ஆனால் நம்பினவளின் கழுத்தை அறுத்துவிட்டுச் சொல்கிற உண்மை எனக்கு வேண்டாம்.

மேனேஜர் படித்தார். அடுத்த வாரமே கேட்டில் முகம் பார்த்து வரும் நேரம், போகும் நேரம் பதிகிற மிஷின் வந்தது. கனகவல்லிக்கு மெமோவோடு போயிற்று. லைனில் இருந்த யாதம்மாவின் பிள்ளைக்கு வலிப்பு வரும். மூன்றாவது தடவை பாதியில் கிளம்பியபோது அவள் வேலை போனது. இப்போது கனகவல்லியோடு சேர்ந்து யாரும் சாப்பிடுவதில்லை. பேசச் சொன்னவள் அவள்தானே.

பட்டம் கிடைத்ததும் அக்ஷதா ஸ்வீட் பெட்டியோடு வந்தாள். அன்று நானும் கனகவல்லி வீட்டில் இருந்தேன்.

"அக்கா, உங்கள பர்சனலா எதுவும் சொல்லல. எழுதினது சிஸ்டத்த பத்தி" என்றாள்.

கனகவல்லி பெட்டியைத் தொடவில்லை. "யாதம்மா ஒன்ன நம்பியா சொன்னா? என்ன நம்பித்தாம்லா சொன்னா. அவ பொழப்பப் பிடுங்கி நீ பட்டம் வாங்கியிருக்க. இதுக்கு ஒங்க படிப்புல என்ன பேரு வச்சிருக்கிய?"

அக்ஷதா உண்மையாகவே யோசித்தாள்.

"நல்ல பாயின்ட் அக்கா. அடுத்த பேப்பர்ல இத நான் போட்டுக்கலாமா?"

அவள் கேலி செய்யவில்லை. இத்தனை நாளில் முதல் தடவையாக அனுமதி கேட்டாள்.