கஞ்சிக்கோட்டில் பார்த்த ஈர நார்ப் படுக்கை

எங்கள் சிறிய ஜவ்வரிசி ஆலை ஆத்தூர் பக்கம் இருக்கிறது. கிழங்கு கழுவிய நீரைச் சுத்திகரித்து மறுபடியும் கழுவவே பயன்படுத்துகிறோம். நீர் வீணாவதில்லை, ஆனால் வாடை ஊரைத் தூக்கியது. பக்கத்து வீட்டு மலர்விழி கைக்குழந்தையோடு நாள் முழுக்க ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தாள். பொங்கலுக்குள் சரியாகாவிட்டால் ஆலையை மூடச் சொல்லி மனு கொடுப்பேன் என்று அவள் கணவர் சொல்லிவிட்டார். அவர்மேல் கோபப்பட முடியவில்லை, எனக்கும் மூக்கு இருக்கிறது.

சுத்திகரிப்புத் தொட்டியிலிருந்து வரும் காற்றைத் தென்னைநார்க் கழிவு வழியாக வெளியேற்றிப் பார்த்தேன். இரண்டு வாரம் நன்றாக இருந்தது, பிறகு பழைய கதைதான். இதே முறை பாலக்காட்டுப் பக்கம் கஞ்சிக்கோட்டில் ஓர் உணவுப்பொருள் ஆலையில் ஒழுங்காக ஓடுகிறது என்று கேள்விப்பட்டு, அனுமதி வாங்கிக்கொண்டு கார்த்திகையில் ஒரு செவ்வாய்க்கிழமை போனேன்.

கோவை உக்கடத்தில் காலை 8.10க்குப் பாலக்காட்டுப் பேருந்து. நாற்பது கி.மீ.தான், வாளையாரில் லாரிகள் மறித்ததால் 9.40 ஆகிவிட்டது. அங்கிருந்து ஆட்டோவுக்கு எழுபது ரூபாய். தெரிந்த மலையாளத்தையெல்லாம் திரட்டி வழி சொன்னேன். "தமிழ்லயே சொல்லுங்க, வெரசாப் போயிரலாம்" என்றார் ஓட்டுநர்.

சுத்திகரிப்புப் பகுதியைப் பார்த்துக்கொள்பவர் செல்வி, எல்லையோரத் தமிழ் ஊரான எருத்தேன்பதியைச் சேர்ந்தவர். மூடிய தொட்டியின் காற்றை ஒரு மின்விசிறி இழுத்து, இடுப்புயரப் படுக்கையின் அடியில் தள்ளுகிறது. படுக்கையில் தேங்காய் மட்டைத் துண்டு, நார்க்கழிவு, மக்கிய எரு. குனிந்து முகர்ந்தேன், ஈரமண் வாசனைதான் வந்தது. பொறாமையாக இருந்தது.

"எங்க ஆலையில தினமும் நாரைக் கிளறிக் காய வைக்கிறோம். நனையாம தகரமும் போட்டிருக்கேன்" என்று பெருமையடித்தேன்.

"ஏனுங்க, வாடையத் திங்கறது நாருங்களா? அதுல இருக்கற நுண்ணுயிருங்க. காயப்போட்டா அது எப்படிங்க பொழைக்கும்?"

நார் வாடையை உறிஞ்சுகிறது என்று நானாக முடிவுகட்டி, வேலை செய்த உயிர்களை ஆள் வைத்துக் கொன்றிருக்கிறேன். செல்வி ஒரு கைப்பிடி அள்ளி என் உள்ளங்கையில் வைத்தார்.

"புட்டு மாவுப் பதமுங்க. புடிச்சா நிக்கோணும், தட்டுனா உதிரோணும். தண்ணி சொட்டப்படாது."

போக நினைப்பவர்கள் முன்பே அனுமதி கேளுங்கள், மூடிய காலணி அணியுங்கள், பதினொரு மணிக்குள் போய்விடுங்கள், பிறகு வெயில் தாங்காது. உங்கள் தொட்டிக்கு மூடி இல்லை என்றால் முதலில் அதைப் போடுங்கள், படுக்கையைப் பிறகு பார்க்கலாம்.

ஊர் திரும்பிப் புது நார் நிரப்பினேன். காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து, பதம் பார்த்தேன். மூன்று வாரம் தினமும் மலர்விழி வீட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மார்கழியில் ஒரு நாள் காலை, மலர்விழி ஜன்னலைத் திறந்து குழந்தையோடு எட்டிப் பார்த்தாள்.

"ஏண்ணா, இன்னைக்கு மில்லு லீவா?"

உள்ளே அரவை ஓடிக்கொண்டிருந்தது.