தாடைக்காரரின் காலைப் படம்

என் அண்ணனுக்குத் தெருவில் தாடைக்காரர் என்று பெயர். ஸ்டூடியோவுக்கு வந்து ஸ்டூலில் உட்காருகிறவர் பள்ளிக்கூடத்துப் பிள்ளையானாலும் சரி, நீதிபதியானாலும் சரி, "தாடையைக் கொஞ்சம் தூக்குங்க" என்பார். தூக்கத் தெரியாதவர்களுக்குத் தன் இடது கையாலேயே தூக்கி விடுவார். யாரையும் சிரிக்கச் சொன்னதே இல்லை. பாஸ்போர்ட் படத்தில் சிரித்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பது ஒரு காரணம். அவருக்கே சிரிப்பு வராது என்பது இன்னொரு காரணம்.

கடையின் முன்பாதி என்னுடையது. ஜெராக்ஸ் மிஷின், லேமினேஷன், ஒரு கத்தரிக்கோல். கறுப்புத் திரைக்குப் பின்னால் இருப்பது அவருடைய ராஜ்ஜியம். என் வீட்டுக்காரர் போன பிறகு நான் இங்கே வந்து உட்கார்ந்தபோது, "வாயை மூடிக்கிட்டு வேலை பாக்கணும்" என்று ஒரே ஒரு நிபந்தனை போட்டார். அதை முதல் நாளே காற்றில் பறக்கவிட்டேன்.

அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. காலையில் கடை திறந்ததும் விளக்குகளைப் போட்டு, தானே ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு படம் எடுத்துக்கொள்வார். அதைக் கம்ப்யூட்டரில் பார்த்து, தன் முகம் தன் நிறத்தில் வரும்வரை கேமராவைத் திருத்துவார். அன்றைக்கு வருகிற அத்தனை பேருக்கும் அந்த அளவுதான். இந்த வேலைக்கென்றே கேமராவோடு ஒரு சாம்பல் நிற அட்டை கொடுத்திருந்தார்கள். அதன்மேல் டீ கிளாஸ் வைத்திருந்தார். "என் மூஞ்சி எனக்குத் தெரியாதா? அதுக்கு ஒரு அட்டை வேறயா?" என்பார். இத்தனை வருஷத்தில் நிறம் சரியில்லை என்று ஒருவர்கூடப் படத்தைத் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. அதனால் நானும் வாயைத் திறக்கவில்லை.

சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் சேர்ந்து அவருடைய சிறுநீரகத்தைத் தின்று முடித்திருந்தன. டயாலிசிஸ் வேண்டியிருக்கும் என்பது முடிவாகிவிட்டது. எப்போது என்பதுதான் பாக்கி. அதற்கு முன்னேற்பாடாக இடது கையில் ரத்தக் குழாய் இரண்டைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அந்த இடத்தில் விரலை வைத்தால் உள்ளே விர்ரென்று ஓடும், பிரிட்ஜின் மேல் கை வைத்த மாதிரி. நிற்கவே நிற்காது. அந்தக் கையால் அவர் தாடையைத் தொடும்போது சின்னப் பிள்ளைகள் வெடுக்கென்று முகத்தை இழுத்துக்கொள்வார்கள். எனக்கும் உடம்பு கூசும்.

"டாக்டர், எந்தத் தேதின்னு சொல்லிடுங்க" என்று அண்ணி கேட்டாள்.

"தேதி குறிக்கிற விஷயம் இல்லம்மா இது. ரத்த டெஸ்ட் நம்பரை மட்டும் பாத்தும் ஆரம்பிக்கிறதில்ல. சாப்பாடு பிடிக்காது, அரிப்பு எடுக்கும், மூச்சு வாங்கும், முகம் வீங்கும், நிறம் மாறும், பேச்சுல குழப்பம் வரும். உடம்பே காட்டும். காட்டுனதுக்கு அப்புறம் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடக்கூடாது. தள்ளிப் போட்டா இதயம் திடீர்னு நின்னு போகும்" என்றார் டாக்டரம்மா.

அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப கவலைய விடுங்க டாக்டர். மூஞ்சி பாக்குறதுதான் என் பொழப்பே. என் மூஞ்சி மாறுன அன்னைக்கு நானே வந்து நிக்கிறேன்."

என்னமோ பெரிய சமர்த்து மாதிரி! அந்த நம்பிக்கையைப் பார்த்து நானும் அண்ணியும் ஏமாந்தோம்.

அதற்கப்புறம் தினமும் காலைப் படத்தைப் போனில் அண்ணிக்கு அனுப்புவார். படத்தில் முகம் நன்றாகத்தான் இருந்தது. நேரில் சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார். "வாயில காசு போட்டுச் சப்புற மாதிரி இருக்கு" என்பார். கதவு நிலையில் முதுகைத் தேய்ப்பார். நாளுக்கு ஒரு தடவையாவது கேமராவுக்குப் பின்னாலேயே கண் செருகிவிடும். நான் வாயைத் திறந்தால், "போட்டோவப் பாத்தியா இல்லையா? வெயில் ஒத்துக்கல, அவ்வளவுதான்" என்று அடைத்துவிடுவார். கடையில் இருந்த கண்ணாடியைக் கழற்றிச் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்தார். கேட்டதற்கு, ரசம் போய்விட்டதாம்.

அந்தச் சமயத்தில்தான் படங்களைக் கத்தரிக்கிற என் கையில் ஒரு குளிர் ஏற ஆரம்பித்தது. ஒரு தாளில் எட்டு முகம் இருக்கும். எட்டும் ஒரே ஆள். எட்டுக்கும் உதடு நீலம் பூத்திருந்தது. கன்னத்தில் ஊதா படர்ந்திருந்தது. என் வீட்டுக்காரரை வெள்ளைத் துணி போர்த்திப் படுக்கவைத்துப் பார்த்திருக்கிறேனே, அந்த நிறம். தாளைக் கொண்டுபோய் நீட்டினேன்.

"நானும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்" என்றார் குரலை இறக்கி. "தெருவுல எல்லாருக்கும் என்னமோ ஆகுதுடி. நாந்தான் நல்லா இருக்கேன். படம் எடுக்க வந்தாரே அந்த பேங்க் வாட்ச்மேன், அவரு ரொம்ப நாள் தாங்க மாட்டாரு."

"வாயக் கழுவு! நல்ல வார்த்தையே வராதா உனக்கு?" என்று கத்தினேன்.

அந்த வாரமே வாட்ச்மேன் படியில் சறுக்கி விழுந்து செத்துப்போனார். படிக்கட்டில் யாரோ எண்ணெய் சிந்தியிருந்தார்கள், அவ்வளவுதான். ஆனால் அவர் மகள் கடைக்கு வந்து கடைசியாக எடுத்த படத்தைப் பெரிதாக்கித் தரச் சொன்னாள். பெரிதாக்கிய படம் மிஷினிலிருந்து நெற்றி, கண், உதடு என்று மெல்ல இறங்கி வந்தபோது அவள் பேய் அறைந்த மாதிரி நின்றாள். "உயிரோட இருக்கும்போதே அப்பா இப்படித்தான் இருந்தாரா?" என்றாள்.

பேச்சு காட்டுத்தீயாகப் பரவியது. அந்தக் கடையில் நீலமாக விழுந்தால் ஆள் அவ்வளவுதான் என்றார்கள். ஒருத்தி கைக்குழந்தையின் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, அங்கேயே குழந்தையின் சட்டையைத் தூக்கி நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். அண்ணன் அவளையே பரிதாபமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குச் சாயங்காலம் தெருவில் போகிறவர்கள் எங்கள் வாசலைத் தாண்டும்போது நடையை வேகப்படுத்தியதைப் பார்த்தேன்.

மறுநாள் காலை அவர் ஸ்டூலில் உட்கார்ந்ததும் நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். "என்னையும் சேத்து எடு. எனக்கு எப்படின்னு பாக்கணும்."

இரண்டு பேரும் ஒரே படத்தில் விழுந்தோம். அவர் மூக்கும் முழியுமாக, ரத்த ஓட்டத்தோடு இருந்தார். பக்கத்தில் நின்றது பிணம். என் கண், என் மூக்குத்தி, என் சேலை. நான் செத்து நின்றுகொண்டிருந்தேன்.

அவர் மெல்ல என் தலையைத் தடவினார். "பயப்படாத. நான் இருக்கேன்ல?"

அந்தக் கை என் காதோரம் விர்ரென்றது. நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். வாசல் வெளிச்சம் அவர் முகத்தில் நேராக விழுந்திருந்தது. கண்ணுக்குக் கீழே பை தொங்கியது. தோல் பழைய துணிபோல வெளுத்து, மஞ்சளும் சாம்பலுமாக இருந்தது. வாயிலிருந்து மூத்திர வாடை. எத்தனை நாளாக இப்படி? தினமும் பக்கத்திலேயே இருந்துகொண்டு நான் என்னத்தைக் கிழித்தேன்?

ஓடிப்போய் ஜெராக்ஸ் மிஷினிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவி வந்து அவர் நெஞ்சுக்கு முன்னால் பிடித்தேன். "இன்னொண்ணு எடுண்ணா."

எடுத்தார். கம்ப்யூட்டர் திரையில் தாள் நீலமாக இருந்தது.

"என்னடி தாள் இது?"

"வெள்ளத் தாளுண்ணா. கையில வச்சுப் பாரு."

திருப்பித் திருப்பிப் பார்த்தார். தொழில் தெரிந்த மனுஷன். தாள் வெள்ளையாகும்வரை நிறத்தைத் திருத்தினார். நீலம் வடிந்தது. என் முகத்துக்கு உயிர் வந்தது. அவ்வளவு நாளும் அவர் தன் முகத்து மஞ்சளை மறைக்கப் பூசிய நீலத்தைத்தான் தெரு முழுவதும் சுமந்திருக்கிறது. நீலம் வடிய வடிய, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய நிஜ முகம் வெளியே வந்தது.

அண்ணன் திரைக்குப் பக்கமாகக் குனிந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"யாருடி இவரு?"

விளையாடுகிறாரோ என்று கண்ணைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை. பேச்சில் குழப்பம் வரும் என்று டாக்டரம்மா சொன்னது அப்போதுதான் நெஞ்சில் இடித்தது.

"இந்த நெலமையில இருக்கிறவர உக்கார வச்சாடி படம் எடுக்குற? அறிவு இருக்கா உனக்கு? உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ!"

அழுகையை அடக்கவே முடியவில்லை. "போறேண்ணா. நீயும் கூட வா. தனியா வர பயப்படுறாரு."

திரையில் இருந்தவரை இரக்கத்தோடு பார்த்தார். "பயமாத்தான் இருக்கும், பாவம். இரு, வரேன்" என்று விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தார்.

அன்றைக்கே டயாலிசிஸை ஆரம்பித்தார்கள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் கையில் கிடைத்திருக்க மாட்டார் என்று டாக்டரம்மா அண்ணியைப் பிடித்துத் திட்டினார். அதில் பாதித் திட்டு எனக்கு. வாங்கிக்கொண்டேன்.

சில தடவை ரத்தம் சுத்தமான பிறகு அவருக்குப் பேச்சுத் தெளிந்தது. பசி வந்தது. என் வாயை அடைக்கிற பழைய குணமும் திரும்பி வந்தது. ஒருநாள் டயாலிசிஸ் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது, கையைத் தூக்க முடியாமல் கண்ணாலேயே என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"அன்னைக்கு நம்ம கூட ஆட்டோவுல ஒருத்தர் வந்தாரே, ரொம்ப முடியாம. இப்ப அவருக்கு எப்படி இருக்கு?"

ஆட்டோவில் அவர் நடுவில் உட்கார மறுத்தது ஞாபகம் வந்தது. எனக்கும் தனக்கும் நடுவே ஓர் ஆள் உட்காரும் இடத்தை விட்டு, ஓரத்தில் ஒண்டிக்கொண்டுதான் வந்தார்.

"நல்லா இருக்காருண்ணா" என்றேன்.