துணியின் இடது பாதி

என் மகளுக்கு மூன்று வயது நிரம்பியிருந்தது. வருகிற விஜயதசமிக்கு அவளுக்கு அட்சராப்பியாசம் செய்துவிட வேண்டும் என்று என் கணவர் சொல்லிக்கொண்டிருந்தார். அதில் ஒரே ஒரு சங்கடம். குழந்தை எதை எடுத்தாலும் இடது கையால்தான் எடுத்தாள். பொரியா, பொம்மையா, சாக்குக்கட்டியா, எதுவானாலும் அந்தக் கைதான் முந்திக்கொண்டு வரும். அவர் கண்ணில் பட்டபோதெல்லாம் அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்குவார். அடிக்க மாட்டார், அடிக்கத் தெரியாத மனிதர். ஆனால் விடவும் மாட்டார்.

"இதெல்லாம் உங்க ஆத்துச் சீதனம்" என்பார் என்னைப் பார்த்து.

அவர் சொன்னதில் தப்பில்லை. நானும் இடது கைக்காரிதான். என் அப்பா அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் துண்டால் கட்டிவிட்டு எழுத உட்கார வைத்தவர். அழுது அழுது வலது கையால் எழுதக் கற்றுக்கொண்டேன். என் எழுத்து கோழி கிளறின குப்பைமேடு மாதிரி இருக்கும். வெட்கப்பட்டுக்கொண்டு தங்கையின் கடிதங்களுக்குப் பதிலே போட மாட்டேன். அவளானால் எனக்குத் தலைக்கனம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். என் கணவரோ வக்கீல் ஆபீசில் பத்திரங்களைப் பிரதி எடுக்கும் குமாஸ்தா. அழகான எழுத்தென்றால் அவருக்கு உயிர். அப்படிப்பட்டவருக்கு இப்படி ஒரு பெண்டாட்டி, இப்படி ஒரு பெண்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் மாதர் சங்கத்தில் எழுத்துப் பயிற்சி ஆரம்பித்தது. மயிலாப்பூர் வடக்கு மாட வீதியை ஒட்டிய சந்தில், ஒரு வீட்டு மாடியில் சனிக்கிழமை பிற்பகல்களில் கூடுவோம். ஆண்டு விழாவுக்குத் துணியில் பெரிய எழுத்தாக எழுதித் தொங்கவிட வேண்டும். அதற்கு ஒரு பெயிண்டரைக் கூப்பிட்டிருந்தோம். பெண்கள் கூடும் இடத்துக்கு ஆண்பிள்ளை எப்படி வரலாம் என்று காரியதரிசி மாமி ஆட்சேபித்தாள். அப்படியானால் நாமே எழுதிக்கொள்வோம் என்று நான்தான் கத்தினேன். ரோஷத்தில் வந்த வார்த்தை. எழுத வராதவளே முதலில் கத்தினால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? எல்லாரும் தலையாட்டிவிட்டார்கள்.

சாந்தோமிலிருந்து வரும் டீச்சர் ஒருத்திக்குத்தான் இந்த வேலையில் கொஞ்சம் பழக்கம். கிட்டத்தட்ட என் வயதுதான் இருக்கும். மாதா கோயில் திருவிழாவுக்குத் துணியில் எழுதியிருக்கிறாள்.

"எனக்குத் தெரிஞ்சது கொஞ்சம்தான். மிச்சத்தை எல்லாருமாச் சேர்ந்து கெடுத்துக் கெடுத்துக் கத்துக்கலாம்" என்றாள்.

கெடுப்பதில் நாங்கள் குறை வைக்கவில்லை. மூங்கில் குச்சியைப் பட்டையாகச் சீவி, மசியில் தோய்த்து, பழைய பத்திரிகைத் தாள்களில் எழுதினோம். பட்டை முனையைச் சாய்த்துப் பிடித்து இழுத்தால் ஒரே இழுப்பில் ஓரிடம் தடித்தும் ஓரிடம் மெலிந்தும் வரும். வர வேண்டும். கோலம் போடத் தெரிந்தவர்களுக்கு எழுத்து தானாக வந்துவிடும் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். ஒருத்திக்கும் வரவில்லை. என்னுடைய 'அ' நத்தை போலச் சுருண்டுகொண்டு, ஒரு கால் இல்லாமல் நின்றது. பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள். எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

பிறகு காடாத் துணியில் இறங்கினோம். கஞ்சி போட்டு விறைப்பாகக் காயவைத்த துணி, மாடியின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை நீளம். கரிப்பொடி தடவிய நூலை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து, நடுவில் சுண்டிவிட்டால் நேர்கோடு விழும். அந்தக் கோட்டின் மேல் 'மாதர் சங்கம் ஆண்டு விழா' என்று எழுத வேண்டும். முதல் துணியில் 'மா'விலிருந்து ஆரம்பித்துத் தாராளமாக எழுதிக்கொண்டே போனார்கள். 'வி' முடிந்ததும் துணியும் முடிந்துவிட்டது. 'ழா'வைச் சுவரில் எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டேன். காரியதரிசி மாமி முறைத்தாள்.

டீச்சர் யோசித்துவிட்டு, "நடுவுலேர்ந்து ஆரம்பிப்போம். ஒருத்தர் வலது பக்கமாப் போகட்டும், ஒருத்தர் இடது பக்கமாப் போகட்டும். அப்பதான் ரெண்டு பக்கமும் சமமா நிக்கும்" என்றாள்.

வலது பாதியை அவள் எடுத்துக்கொண்டாள். இடது பக்கமாகப் போகத்தான் ஆள் கிடைக்கவில்லை. முதலில் 'ம்', பிறகு 'க', பிறகு 'ங்' என்று பின்னாலிருந்து முன்னால் எழுத வேண்டும். வலது கையை வைத்து அப்படிப் போனால் சற்று முன் எழுதிய ஈரச் சாயத்தின் மேலேயே மணிக்கட்டு உட்காரும். இரண்டு பேர் முதல் துணியின் பின்பக்கத்தில் முயன்று ஈஷினார்கள். புதுத் துணியை விரித்து, பிரஷ்ஷை மூன்றாவதாக என்னிடம் நீட்டினார்கள். எனக்கு ஏற்கெனவே எரிச்சல். வலது கை துணியை அழுத்திப் பிடித்திருந்தது. இடது கையில் வாங்கி 'ம்' போட்டேன்.

போட்டபிறகுதான் எந்தக் கை என்பதே உறைத்தது. எழுத்து நேராக நின்றது. தடிக்க வேண்டிய இடத்தில் தடித்திருந்தது.

"அச்சச்சோ, நல்ல காரியம் நடக்கறச்சே இடது கையாலயாடி எழுதறே?" என்றாள் காரியதரிசி மாமி.

"துணிக்கு எந்தக் கைன்னு தெரியாது மாமி. நீங்க அடுத்தது போடுங்கம்மா" என்றாள் டீச்சர்.

போட்டேன். அன்று பிற்பகல் முழுவதும் அவளும் நானும் முதுகைக் காட்டிக்கொண்டு நடுவிலிருந்து விலகிப் போய்க்கொண்டே இருந்தோம். 'மா'வை முடித்து நிமிர்ந்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷம் கல்யாணத்தன்றுகூட ஏற்பட்டதில்லை. இதை என் கணவரிடம் சொன்னதில்லை.

விழாவன்று அவர் குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். ஆண்களுக்கு வாசலில் நாற்காலி. துணியும் வாசலுக்கு மேலேதான். பேச்சு, பாட்டு எல்லாம் முடிந்து நான் வெளியே வந்தபோது அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெயிண்டர் யாரு? கை நன்னா ஓடியிருக்கே" என்றார்.

"பாதி டீச்சர் எழுதினா. பாதி நான்."

அவர் என்னைப் பார்த்தார். மறுபடியும் துணியைப் பார்த்தார். ஆபீசில் பிரதியையும் மூலத்தையும் ஒத்துப் பார்ப்பது போல ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தார். ஒரு கை முடிந்து மறு கை ஆரம்பிக்கும் இடம் எதுவென்று தேடுகிறார் என்று புரிந்தது. அகப்படவில்லை.

"எது உன்னோடது?"

"இடது பாதி."

"எந்தக் கையால எழுதினே?"

"எந்தக் கையால எனக்கு எழுத வருமோ அந்தக் கையால."

குளத்தங்கரையோடு வீட்டுக்கு நடந்தோம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான், "சங்கத்தோட இருக்கட்டும். குழந்தைக்கு வேண்டாம். நாளைக்கு ஒரு ஆத்துக்குப் போகணும் அவ. நாலு பேர் சிரிப்பா" என்றார். அன்று இரண்டு பேருமே சரியாகச் சாப்பிடவில்லை.

விஜயதசமி வந்தது. சாஸ்திரிகள் வந்து பூஜையை முடித்தார். தாம்பாளத்தில் பச்சரிசியைப் பரப்பினோம். என் கணவர் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அவளுடைய வலது கை விரலைப் பிடித்தார். அவள் வெடுக்கென்று இழுத்துக்கொண்டு இடது கையை அரிசியில் வைத்தாள். அவர் அதை எடுத்துவிட்டார். அவள் மறுபடி வைத்தாள். மறுபடியும் எடுத்ததும் வீல் என்று கத்தினாள். அரிசி தரையெல்லாம் சிதறியது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அவர் குழந்தையின் இரண்டு கைகளையும் விட்டுவிட்டார். பிறகு இடது கையைத் தானே பிடித்து எழுத வைத்துப் பார்த்தார். நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் அவருடைய வலது கைக்கு அது வசப்படவில்லை, குறுக்கே குறுக்கே போய் இடித்தது. தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"எனக்குத் தெரியலை. நீ வந்து உக்காரு" என்றார்.

சாஸ்திரிகள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு குத்துவிளக்கின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

உட்கார்ந்து குழந்தையை மடியில் வைத்துக்கொண்டேன். அவளுடைய இடது கையை என் இடது கைக்குள் வாங்கினேன். வெதுவெதுப்பாக, கொஞ்சம் பிசுபிசுப்பாக இருந்தது. எனக்கு என் அப்பாவின் துண்டு ஞாபகம் வந்தது. சின்ன வயதில் என்னுடைய அந்தக் கையைப் பிடித்தவர்கள் எல்லாரும் நிறுத்துவதற்காகத்தான் பிடித்தார்கள். எழுதுவதற்காக ஒருவர்கூடப் பிடித்ததில்லை. அழுகை வந்தது. அடக்கவில்லை, அழுதுகொண்டே 'அ' எழுதினோம்.

"இன்னொண்ணு" என்றாள் குழந்தை.

அவர் குனிந்து, தரையில் சிதறிய அரிசியைக் கூட்டியெடுத்துத் தட்டில் போட்டு, எங்களுக்காகச் சமமாகத் தடவிக் கொடுத்தார்.