பெரட்டுக்கு நிற்காத செல்கள்

செவ்வாய்க்கிழமை காலை பத்து இருபது. ஈப்போவில், எக்ஸ்ரே அறையில், கழுவிய நெஞ்சுப் படம் ஒன்றை ஈரம் சொட்டத் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேலதிகாரி தாஸ் கதவைத் தட்டாமல் உள்ளே வந்தார். எப்போதும் தட்டுகிறவர்.

"முத்தையா, படத்த வெச்சிட்டு உக்காரு. ஒம் மக கழுத்துக் கட்டி ரிப்போர்ட் வந்துருச்சு. கேன்சர்தான்."

வாணிக்கு அப்போது ஒன்பது வயது. நான் உட்காரவில்லை.

"கதிர் வெச்சா கரையும்லா அண்ணே? இன்னிக்கே கோலாலம்பூருக்கு அனுப்புங்க."

பதினான்கு ஆண்டுகள் கதிரோடு வேலை செய்தவன். எனக்குத் தெரிந்த மருந்து அதுதான்.

"லேப் டாக்டரம்மா ரத்த ரிசல்ட் வரட்டும்னு சொன்னாங்களே லா."

"ரத்தம் பொறவு வரட்டும் அண்ணே."

தாஸ் போனில் கெஞ்சி இடம் வாங்கினார். இரண்டு மணிக்கு ஆம்புலன்ஸ்.

வாணி சிறு வயதிலிருந்தே தள்ளாடித்தான் நடப்பாள். கண்வெள்ளையில் சிவப்பு நரம்புகள். அடிக்கடி நெஞ்சுச் சளி. பீடோர் பக்கம் தோட்டத்தில் இருக்கும் என் தம்பி, "என்னாண்ணே, ஒம் மக கள்ளுக்கடைக்குப் போயிட்டு வாராளா?" என்று கேலி செய்வான். நானும் சிரித்திருக்கிறேன். கட்டியைப் பார்க்க வந்த அன்று லேப் டாக்டர் யோகம்மா மட்டும் சிரிக்கவில்லை. இந்த மூன்றும் ஏன் ஒரே பிள்ளைக்கு என்று கேட்டு, ரத்தம் எடுத்துக்கொண்டார்.

எக்ஸ்ரே வேலைக்கு வரும் இளையவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். நோயாளி சீட்டைப் படித்தால் போதாது, முகத்தையும் பாருங்கள். நான் பிறந்த தோட்டத்தில் விடியுமுன் பெரட்டு எடுப்பார்கள். ஆட்கள் வரிசையில் நிற்க, கணக்கெழுதும் கிராணி பெயர் கூப்பிடுவார். காய்ச்சல்காரரை, வேலை வாங்கும் மண்டோர் முகம் பார்த்தே நிறுத்திவிடுவார். அதன் பிறகுதான் மற்றவர்கள் ரப்பர் மரத்துக்குப் போகலாம். அதைப் பார்த்து வளர்ந்த நான், என் மகளைப் பெரட்டு இல்லாமல் அனுப்பப் பார்த்தேன்.

வாணிக்கு இப்போது பன்னிரண்டு. மருந்தில்தான் இருக்கிறாள். ஒவ்வொரு சோதனைக்கும் முதல் நாள் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

அன்று ஒன்று ஐம்பதுக்கு அவளை வண்டியில் படுக்கவைத்தோம். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. பத்து காஜா ஊருக்குப் போகும் சாலைப் பக்கமிருந்து வந்த ஒரு கார், ஆம்புலன்ஸுக்குக் குறுக்கே நின்றது. யோகம்மா இறங்கினார். யாழ்ப்பாணத்துக் குடும்பம், சத்தம் போட்டு நான் கேட்டதில்லை.

"எஞ்சின நிப்பாட்டுங்கோ! கதிர் வேண்டாம்."

"டாக்டர், கட்டி..."

"ரத்தத்தில இருந்த செல்ல வளத்துப் பாத்தன். குரோமோசோம் முறிஞ்சு முறிஞ்சு கிடக்குது. முத்தையா, நீங்க தோட்டத்துப் பிள்ளைதானே? செல் ரெண்டாப் பிரியிறதுக்கு முதல் அதுக்கும் ஒரு பெரட்டு இருக்கு. டி.என்.ஏ. முறிஞ்சா செல் நிக்கும், முறிவ ஒட்டும், பிறகுதான் நகல் எடுக்கும். ஒட்ட ஏலாட்டி தானே செத்துப்போகும். வாணியின்ட செல் நிக்குறதில்ல. முறிவோடயே ஓடுது. கதிர் இன்னும் முறிக்கும். மற்றப் பிள்ளையள் தாங்குற அளவே இவளைக் கொன்றுபோடும்."

"அப்ப வைத்தியமே இல்லியா?"

"மருந்து இருக்கு. குறைச்சுக் குறைச்சு, பாத்துப் பாத்துத்தான் குடுக்க வேணும்." வண்டியின் பின்கதவை அவரே திறந்தார். "பிள்ளைய இறக்குங்கோ. அவளின்ட செல்லுக்கு நிக்கத் தெரியாது. நாங்கதான் நிக்க வேணும்."